நாற்பது குடம்... ஒரு குடம்!

ஹாலிவுட் படங்களில் அந்த சீனை நீங்க நிச்சயம் பார்த்திருப்பீங்க. காலை நேரம். தட்டில் அடுக்கி வெச்ச நாலு பான்கேக். மேலே ஒரு துண்டு வெண்ணெய். அதுக்கும் மேலே பழுப்பு கலர்ல எதையோ வழிய வழிய ஊத்துவாங்க. நம்மில் பாதிப் பேர் அதைத் தேன்னுதான் நினைச்சுட்டு இருக்கோம். (இருபத்திரண்டு வயசு வரைக்கும் நானும் அப்படித்தான்!)

தேன் இல்லை பாஸ். ஒரு மரத்தோட நீர். குளிர்காலம் முடியப்போற சில வாரங்களில் மட்டும் மேப்பிள் மரம் சொட்டுற நீரை, மணிக்கணக்கா காய்ச்சி எடுத்த பாகு. பேரு, மேப்பிள் சிரப்.

இன்னொரு ரகசியமும் சொல்லிடறேன். அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் 'பான்கேக் சிரப்'னு பெரிய பெரிய பாட்டிலில் சல்லிசா கிடைக்கும் பாருங்க, அதில் பெரும்பாலும் மேப்பிளே கிடையாது. சோள சிரப், கலர், கொஞ்சம் வாசனை. அவ்வளவுதான் மேட்டர். ஒரிஜினல் பாட்டில் பக்கத்திலேயே சின்னதா, பணக்கார லுக்கோட உட்கார்ந்திருக்கும். விலையைப் பார்த்தா ஸ்டூடண்ட் பர்ஸ் அப்படியே மூடிக்கும். ஏன் இந்த விலைன்னு எனக்குப் புரிஞ்சது ஒரு மார்ச் மாசத்தில், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், ஒரு வீட்டுக் கொல்லைப்புறத்தில். புரியறதுக்காக நான் அடிச்ச சொதப்பலையும் சேர்த்தே சொல்றேன். கேளுங்க.

வெர்மான்ட் எங்கே இருக்கு? அமெரிக்க மேப்பில் வலது மேல் மூலை. கொஞ்சம் வடக்கே நகர்ந்தா கனடாவின் க்யூபெக். சின்ன மாநிலம். அதோட தலைநகர் மான்ட்பீலியரில் ஒரு மெக்டொனால்ட்ஸ் கூடக் கிடையாதுன்னு ஊர்க்காரங்க பெருமையா சொல்லுவாங்க. மரம், மாடு, மலை, மறுபடி மரம். நான் படிக்கப் போனது பர்லிங்டன் நகரத்துக்கு. ஜனவரியில் மைனஸ் இருபது டிகிரி. மூக்குக்குள்ளே முடி உறையற சத்தம் எனக்கே கேட்கும். நாலரை மணிக்கு இருட்டு. ரூம், லேப், ரூம், லேப். ஹாஸ்டல் வாழ்க்கையில் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வருமே ஒரு வெறுமை... அது அங்கே மூணு மாசம் நீளும்.

அந்த நேரத்தில்தான் ரூம்மேட் தன்னோட ஓட்டை சுபாருவில் என்னை ஏத்திக்கிட்டு, அவனோட தாத்தா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனான். அண்டர்ஹில் பக்கம். வெர்மான்ட்டிலேயே உயரமான மான்ஸ்ஃபீல்டு மலைக்கு மேற்கே இருக்கிற கிராமம். தாத்தாவுக்கு எழுபத்தெட்டு வயசு. அங்கே எத்தனை வயசானாலும் பேர் சொல்லித்தான் கூப்பிடணும். எனக்கு நாக்கு வரவே இல்லை. கடைசி வரைக்கும் 'சார்'தான். "ஸ்கூல் வாத்தியாரைக் கூப்பிடற மாதிரி இருக்கு"ன்னு சிரிப்பார்.

அவங்க வீட்டுக் கொட்டகையில் பத்து அலுமினிய பக்கெட் அடுக்கி இருந்தது. ஒவ்வொண்ணுலயும் ஒரு ஸ்டிக்கர். '3 டாலர்'. போன வருஷம் அவருக்கு இடுப்பு ஆபரேஷன். பனியில் பக்கெட் தூக்க முடியலை. முப்பது வருஷத்தில் முதல் தடவையா அந்த வீட்டில் சிரப் காய்ச்சலை. இந்த வருஷமும் ஆள் இல்லை. மே மாசம் வாசலில் பழைய சாமான் கடை போடும்போது எல்லாத்தையும் வித்துடலாம்னு பாட்டி முடிவு பண்ணி ஸ்டிக்கரே ஒட்டிட்டாங்க.

"நாங்க தூக்கறோம் சார்"னு நான்தான் சொன்னேன். எனக்கு அப்போ என்ன தூக்கறதுன்னே தெரியாது!

வெர்மான்ட் கிராமங்களில் மார்ச் மாசம் முதல் செவ்வாய்க்கிழமை 'டவுன் மீட்டிங் டே'. நம்ம ஊர் கிராம சபை மாதிரி. ஊர் மக்கள் ஒரு ஹாலில் கூடி, ரோடு போட எவ்வளவு, ஸ்கூலுக்கு எவ்வளவுன்னு கைதூக்கி ஓட்டுப் போடுவாங்க. மேப்பிள் மரத்தில் துளை போட அந்த நாள்தான் பழைய கணக்கு. இப்போ அந்தக் கணக்கெல்லாம் தள்ளாட ஆரம்பிச்சிடுச்சு. குளிர்காலம் சுருங்கிட்டே வருது. பிப்ரவரியிலேயே பலர் துளை போட்டுடறாங்க. பெரிய தோட்டக்காரங்க ஜனவரியிலேயே இறங்கிடறாங்க.

காலண்டரை விட முக்கியம் தெர்மாமீட்டர். ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே உறையணும். பகல்ல அஞ்சு, ஆறு டிகிரிக்கு ஏறணும். இந்த ரெண்டும் மாறி மாறி நடந்தால்தான் மரம் சொட்டும். ஏன்? இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. மேப்பிள் கட்டையின் நார்களுக்குள்ளே தண்ணீர் இல்லை, வாயு அடைச்சிருக்கு. ராத்திரி குளிரில் அந்த வாயு சுருங்குது, கொஞ்சம் கரையுது, பனிக்கட்டி உருவாகுது. மரம் முழுக்க உறிஞ்சல் உண்டாகி, வேர் வழியா மண்ணிலிருந்து தண்ணீரை மேலே இழுக்குது. காலையில் வெயில் பட்டதும் பனி உருகுது, வாயு விரியுது, உள்ளே அழுத்தம் ஏறுது. அந்த நேரத்தில் பட்டையில் ஒரு ஓட்டை இருந்தால்... டொக்... டொக்... டொக். இலை ஒண்ணு கூட இல்லாத மொட்டை மரம். பார்த்தா செத்துப்போன மாதிரி நிக்கும். உள்ளே ஒரு பம்ப் செட் ஓடிட்டு இருக்கு!

எந்த மரம் மேப்பிள்னு அந்த மொட்டைக் காட்டில் எப்படிக் கண்டுபிடிக்கிறது? கிளைகளைப் பாருங்கன்னார் தாத்தா. எதிரெதிரே ஜோடி ஜோடியா முளைச்சிருந்தா சந்தேகப்படு. நுனியில் பழுப்பு கலர்ல கூர்மையான மொட்டு இருந்தா சுகர் மேப்பிள். புத்திசாலிகள் இலை இருக்கும்போதே, அக்டோபரிலேயே ரிப்பன் கட்டி வெச்சுடுவாங்களாம். கனடா கொடியில் இருக்கே அந்த இலை, அதை வெச்சு. (அந்தக் கொடி ஒண்ணும் புராதனம் இல்லை. 1965-ல்தான் ஏத்தினாங்க.)

துளை போடறதுக்கு ஒரு மரியாதை இருக்கு. மரத்தின் விட்டம் குறைஞ்சது ஒரு அடி இருக்கணும். அந்த சைஸுக்கு வரவே காட்டில் ஒரு மேப்பிளுக்கு நாற்பது வருஷம் ஆகும். ஒரு மரத்துக்கு ஒரு துளை. ரொம்பப் பருத்த மரம்னா ரெண்டு. எட்டு மில்லிமீட்டர் ட்ரில் பிட்டால் ரெண்டு அங்குலம் உள்ளே, லேசா மேல்நோக்கி. அப்போதான் நீர் வெளியே வழியும். போன வருஷத் துளைக்குப் பக்கத்திலே போடக் கூடாது. அந்தத் தழும்பைச் சுற்றி மரம் தனக்குத்தானே ஒரு கதவு போட்டு மூடிக்கிட்டு இருக்கும், அந்த வழியா நீர் வராது. முறையா செஞ்சா மரத்துக்கு ஒண்ணும் ஆகாது. நூறு வருஷத்துக்கு மேல துளை வாங்கிட்டு ஜம்முனு நிக்கிற மரங்கள் அந்தப் பக்கம் சகஜம்.

தாத்தா ஒரு மர நாற்காலியில் கம்பளி போர்த்தி உட்கார்ந்துகிட்டு டைரக்ஷன் கொடுத்தார். நான் ட்ரில் பண்ணினேன். வெளியே வந்த மரத்தூள் வெண்ணெய் கலர்ல ஈரமா இருந்தது. ஸ்பைல்னு ஒரு குட்டிக் குழாய். அதைத் துளையில் வெச்சு சுத்தியலால் மெதுவா ரெண்டு தட்டு. முதல் சொட்டு குழாய் நுனியில் தொங்கி, வெயில்ல மின்னிட்டு, விழுந்தது. விரலை நீட்டி நக்கிப் பார்த்தேன்.

சப்புனு இருந்தது!

நிஜமா. பச்சைத் தண்ணி. ரொம்ப யோசிச்சா எங்கேயோ ஒரு மூலையில் இனிப்பு. என் மூஞ்சியைப் பார்த்து தாத்தாவுக்கு ஒரே சிரிப்பு. "ரெண்டு பர்சென்ட்தான் சர்க்கரை. மிச்சத்தை நீதான் விரட்டணும்."

நம்ம பனை இதைவிட தாராளப் பிரபு. பதநீரில் சர்க்கரை பத்து சதவீதத்துக்கு மேலே. குடிச்சாலே தித்திக்கும். காய்ச்சினா சில மணி நேரத்தில் கருப்பட்டிப் பதம் வந்துடும். மேப்பிளுக்கு, சுமாரா நாற்பது லிட்டர் நீரைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் சிரப். இதுக்கு ஒரு குறுக்குக் கணக்கும் வெச்சிருக்காங்க. 86-ஐ நீரில் உள்ள சர்க்கரை சதவீதத்தால் வகுத்தால், ஒரு பங்கு சிரப்புக்கு எத்தனை பங்கு நீர் வேணும்னு வந்துடும். ரெண்டு சதவீதம்னா 43. மூணு சதவீத மரம் கிடைச்சா லக்கி ப்ரைஸ்!

மரத்துக்குள்ளே ஏன் இப்படித் தண்ணியா இருக்குன்னு, இந்த மண்ணின் பூர்வகுடிகளில் ஒருத்தரான அனிஷினாபே மக்கள் ஒரு கதை சொல்றாங்க. ஆதியில் மேப்பிளிலிருந்து நேரடியா கெட்டிப் பாகே வழிஞ்சுதாம். ஊர் ஜனம் வேலை வெட்டியை விட்டுட்டு, மரத்தடியில் மல்லாக்கப் படுத்து வாயைத் திறந்துகிட்டுக் கிடந்தாங்களாம். நானபோஜோங்கிற அவங்க ஆதி நாயகன் வந்து பார்த்தான். கடுப்பாகி, ஆத்துத் தண்ணியை மொண்டு மொண்டு மரத்து உச்சியில் ஊத்திட்டான். இனிமே வருஷத்தில் கொஞ்ச நாள்தான் வரும், அதையும் நீங்களேதான் காய்ச்சிக்கணும்னுட்டான். செமஸ்டர் லீவில் நாம கிடக்கிற கிடையை நினைச்சுப் பாருங்க, அவன் கோபம் நியாயம்தான்!

ஐரோப்பியர் வர்றதுக்கு முன்னாலேயே இதைச் செஞ்சவங்க பூர்வகுடிகள்தான். அவங்ககிட்டேருந்துதான் வந்தவங்க கத்துக்கிட்டாங்க. அவங்களோட ஒரு டெக்னிக் எனக்கு முதல் வாரமே கைகொடுத்தது. காலையில் பக்கெட்டைப் பார்த்தா மேலே பனிக்கட்டி மிதக்கும். "அதைத் தூக்கிப் போடு"ன்னார் தாத்தா. ஐயோ, கஷ்டப்பட்டுப் பிடிச்சதாச்சேன்னு நான் பதற, விளக்கம் வந்தது. முதல்ல உறையறது வெறும் தண்ணி. சர்க்கரை பெரும்பாலும் கீழே திரவத்திலேயே தங்கிடும். கட்டியைத் தூக்கிப் போட்டா அடுப்பு வேலை பாதி மிச்சம். விறகே இல்லாமல் காய்ச்சறது மாதிரி!

ரெண்டு வாரம் என்னோட மாலை நேரங்கள் எப்படிப் போச்சுன்னு சொல்லட்டுமா? லேப் முடிஞ்சதும் ரூம்மேட்டோட காரில் ஓடுவேன். பகல்ல உருகின மண் ரோடு சேறாகி, டயரை முழங்கால் வரைக்கும் முழுங்கும். அங்கே நாலு பருவம் இல்லை, அஞ்சு. அஞ்சாவதுக்குப் பேரே 'சேற்றுப் பருவம்'. ரெண்டு கையிலும் பக்கெட், தொடையளவு பனி, பத்து மரத்துக்கும் நடை. அந்த நீரைப் பால் மாதிரி பார்த்துக்கணும். வெச்சிருந்தா கெட்டுடும். நிழலில், பனிக்குள்ளே புதைச்ச ட்ரம்மில் ஊத்தி வைப்போம். நூறு லிட்டர் சேர்ந்தது. ஞாயித்துக்கிழமை அடுப்பு.

நீங்க செய்யறதா இருந்தா ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. வீட்டுக்குள்ளே காய்ச்சாதீங்க. நூறு லிட்டரில் தொண்ணூத்தேழு லிட்டருக்கு மேல ஆவியா எங்கேயோ போகணும் இல்லையா? அது சமையலறைச் சுவரில்தான் போய் உட்காரும். சுவரில் ஒட்டின வால்பேப்பர் உரிஞ்சு விழுந்த கதை அந்தப் பக்கம் ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கு. நாங்க கொல்லையில் சிமென்ட் கல்லை அடுக்கி அடுப்பு கட்டினோம். மேலே கேன்டீனில் குழம்பு வைப்பாங்களே, அந்த மாதிரி அகலமான ஸ்டீல் ட்ரே மூணு. அகலம்தான் முக்கியம். ஆழம் இருந்தா ராத்திரி முழுக்க உட்கார வேண்டியதுதான்.

காலை பத்து மணிக்குத் தீ மூட்டினோம். அப்புறம் வேலைன்னு பார்த்தா விறகு போடறது, நீர் குறையக் குறைய ஊத்தறது, உட்காருறது. நுரை பொங்கினா ஒரே ஒரு துளி வெண்ணெய். மந்திரம் போட்ட மாதிரி அடங்கிடும். மத்தியானம் நீர் இளமஞ்சளாச்சு. நாலு மணிக்கு டீ கலர். ஆவி மெல்ல வாசம் மாற ஆரம்பிச்சது. வெனிலா மாதிரி, வறுத்த கடலை மாதிரி, கூடவே விறகுப் புகை. பக்கத்து வீட்டுக்காரர் வேலி ஓரமா வந்து, "இந்த வருஷம் இருக்கா?"ன்னு கேட்டார். தாத்தா "இருக்கு"ன்னு மட்டும் சொன்னார். ஆனா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துட்டார்.

நடுவுல அவர் சொன்ன சரித்திரத்தையும் சொல்லிடறேன். 1790-களில் அமெரிக்காவில் சிலர், கரும்புச் சர்க்கரையே வேண்டாம், மேப்பிள் சர்க்கரை சாப்பிடுவோம்னு பிரசாரம் பண்ணினாங்க. காரணம், கரீபியன் தீவுகளின் கரும்புத் தோட்டம் முழுக்க அடிமைகளின் ரத்தம். டாக்டர் பெஞ்சமின் ரஷ் இதைப் பத்தி தாமஸ் ஜெஃபர்சனுக்கு நீளமா எழுதினார். ஜெஃபர்சன் 1791-ல் வெர்மான்ட் வந்து பார்த்து, வர்ஜீனியாவில் தன்னோட தோட்டத்தில் நட மேப்பிள் கன்றுகளை வரவழைச்சார். பெரும்பாலும் பட்டுப்போச்சு. அந்தத் தோட்டத்தில் வேலை பார்த்தவங்களும் அடிமைகள்தான்ங்கிறது தனி சோகம்.

சரி, ராத்திரிக்கு வருவோம்.

எட்டரை மணிக்கு நூறு லிட்டர் ஒரு குண்டானுக்குள் அடங்கிடுச்சு. கடைசிக் கட்டத்தை மட்டும் வீட்டுக்குள்ளே கேஸ் அடுப்பில் முடிப்பாங்க. கன்ட்ரோல் வேணும் பாருங்க. தண்ணீர் கொதிக்கிற சூட்டை விட நாலு டிகிரி அதிகம், அதாவது 104 டிகிரி செல்சியஸ் தொட்டால் சிரப். அதுக்குக் கீழே நிறுத்தினா புளிச்சுப் போகும். மேலே போனா அடியில் கற்கண்டு கட்டும். தாத்தா தெர்மாமீட்டரை நம்ப மாட்டார். கரண்டியை முக்கித் தூக்கிச் சாய்ப்பார். சொட்டுச் சொட்டா விழுந்தா இன்னும் ஆகலை. ரெண்டு சொட்டு ஒண்ணா சேர்ந்து, திரை மாதிரி விளிம்பில் தொங்கினா பதம். எங்க பாட்டி அதிரசப் பாகைத் தண்ணியில் விட்டு உருட்டிப் பார்ப்பாங்களே, அதே கண்ணு, அதே முகச் சுளிப்பு.

"நான் மாத்திரை போட்டுட்டு வரேன். பத்து நிமிஷம். கண்ணை எடுக்காதே"ன்னுட்டு அவர் உள்ளே போனார். ரூம்மேட் வெளியே அடுப்பை அணைச்சுட்டு இருந்தான்.

ஒன்பது மணி. செல்போன் அடிச்சது. அம்மா. நம்ம ஊர்ல திங்கட்கிழமை காலை ஆறரை. கிச்சனில் சிக்னல் விட்டு விட்டு வந்ததால் வாசல் வராண்டாவுக்குப் போனேன். "சாப்டியா?" "சாப்டேம்மா." "குளிர் எப்படி?" "பரவாயில்லைம்மா." "என்ன பண்றே?" "மரத்துலேருந்து பாகு காய்ச்சறோம்மா..." அதைப் பெருமையா விளக்க ஆரம்பிச்சேன். ரெண்டு பர்சென்ட், பூர்வகுடி, ஜெஃபர்சன்னு ஒண்ணு விடாம. அம்மாவும் கேட்டாங்க. உள்ளே ஸ்மோக் அலாரம் அலறிச்சு.

ஓடினேன். குண்டான் பொங்கி, அடுப்பு முழுக்க வழிஞ்சு, மிச்சம் அடியில் கருகிப் புகைஞ்சுட்டு இருந்தது. தார் மாதிரி. நூறு லிட்டர் நீர், பத்து மரம், ரெண்டு வாரம், பதினோரு மணி நேரத் தீ. கடைசி அஞ்சு நிமிஷம்!

தாத்தா வந்து கேஸை அணைச்சார். ஜன்னலைத் திறந்தார். ஒரு வார்த்தை பேசலை. எனக்கு அந்த '3 டாலர்' ஸ்டிக்கர்தான் கண்ணு முன்னாடி நின்னுது. ஸாரி சொல்லக் கூட வாய் வரலை. பாட்டி மாடியிலிருந்து இறங்கி வந்து அடுப்பைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க, சுவரில் தொங்கின காலண்டரைப் பார்த்தாங்க.

"புதன்கிழமை வரைக்கும் ராத்திரி உறையுமாம். ரேடியோவில் சொன்னான்."

அவ்வளவுதான் சொன்னாங்க. ஸ்டிக்கர் ஒட்டினதே அவங்கதான், ஞாபகம் இருக்கில்ல?

தாத்தா அதுக்கப்புறம்தான் வாயைத் திறந்தார். "முதல் வருஷம் நான் தூங்கிட்டேன். நீயாவது போன் பேசினே." பரணிலிருந்து ஒரு பழைய குண்டானை எடுக்கச் சொன்னார். அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புத் தழும்பு. முப்பது வருஷமா தேய்ச்சும் போகலையாம். நானும் அந்த ராத்திரி ஒரு மணி வரைக்கும் தேய்ச்சேன். போகலை.

அந்த வாரம் ஒரு நாள் கூட கேப் விடலை. மரத்துக்கு நான் கருக்கினது தெரியாது. சொட்டிட்டே இருந்தது. அடுத்த ஞாயிறு மறுபடி அடுப்பு. இந்தத் தடவை போனை ரூமிலேயே வெச்சுட்டு வந்துட்டேன். கரண்டியில் திரை தொங்கினதும் தாத்தா கையைத் தூக்கினார். அடுப்பு ஆஃப். கம்பளித் துணியில் வடிகட்டினோம். நீரில் இருக்கிற தாதுக்கள் மணல் மாதிரி படியும், அதைப் பிரிக்கணும். சுடச்சுட பாட்டில். ரெண்டு லிட்டரும் ஒரு டம்ளரும்.

அந்த டம்ளர் எதுக்குன்னா, 'சுகர் ஆன் ஸ்நோ'வுக்கு. இதை மட்டும் மிஸ் பண்ணிடாதீங்க. சிரப்பை இன்னும் கொஞ்சம் காய்ச்சி, தட்டில் அள்ளி வெச்ச சுத்தமான பனி மேல கோடு மாதிரி ஊத்துவாங்க. அடுத்த செகண்டே ஜவ்வு மிட்டாய். ஃபோர்க்கில் சுத்திச் சாப்பிடணும். க்யூபெக்கிலும் இதே கூத்து உண்டு, அங்கே குச்சியில் சுத்துவாங்க. வெர்மான்ட்டில் கூடவே ஒரு டோனட்டும்... நம்ப மாட்டீங்க, உப்பில் ஊறின வெள்ளரிக்காய் ஊறுகாயும் வைப்பாங்க! இனிப்பு திகட்டினா ஊறுகாயைக் கடி, மறுபடி இனிப்பு. சர்க்கரைப் பொங்கலுக்கு ஊறுகாய் கேட்டு வீட்டில் திட்டு வாங்கின என்னை மாதிரி ஆசாமிக்கு அது சொர்க்கம்.

பெரிய அளவில் செய்யறவங்க இப்படி பக்கெட் தூக்கறதில்லை. மரத்துக்கு மரம் பிளாஸ்டிக் குழாய், வாக்யூம் பம்ப், காய்ச்சறதுக்கு முன்னாலேயே ஆர்.ஓ. மெஷினில் முக்கால்வாசித் தண்ணியைப் பிரிச்சுடறாங்க. உலக சிரப்பில் எழுபது சதவீதத்துக்கு மேல் க்யூபெக்கில்தான். அங்கே கோடவுனில் பேரல் பேரலா ரிசர்வ் ஸ்டாக் வெச்சிருப்பாங்க, பெட்ரோல் மாதிரி. 2011-12-ல் அதிலிருந்து கிட்டத்தட்ட மூவாயிரம் டன்னை ஒரு கும்பல் சுருட்டிடுச்சு. சில பேரலில் தண்ணியை நிரப்பி வெச்சுட்டுப் போயிட்டாங்க. மதிப்பு ஒரு கோடியே எண்பது லட்சம் கனடா டாலர். ஸ்டாக் எடுக்க வந்தவர் ஏறி நின்ன பேரல் ஆடினதால்தான் குட்டு உடைஞ்சது. காலி பேரல்!

எங்க கொல்லையில் அதெல்லாம் இல்லை. ஏப்ரல் முதல் வாரம் நாலு நாள் மழை. ஒரு சாயங்காலம் பள்ளத்திலிருந்து தவளைச் சத்தம். கிரீச் கிரீச்சுனு நூத்துக்கணக்கில். "முடிஞ்சது"ன்னார் தாத்தா. தவளை கத்தினா சீசன் க்ளோஸ் ஆகப் போகுதுன்னு அர்த்தம். மொட்டு விரிய ஆரம்பிச்சதும் நீரில் ஒரு கெட்ட வாடை ஏறிடும், காய்ச்சினாலும் போகாது. அந்தக் கடைசி நீரை ஒரு நாள் முந்திக் காய்ச்சினோம். முதல்ல செஞ்சது பொன் கலர். இது ப்ரூ காபி கலர். வெயில் ஏற ஏற கிருமிகள் சர்க்கரையை உடைச்சுடும், அது சீக்கிரம் கறுக்கும். கடையில் இதுக்கெல்லாம் கோல்டன், ஆம்பர், டார்க், வெரி டார்க்னு நாலு பேர். எங்க வீட்டு ஓட்டு டார்க்குக்குத்தான். தோசைக்கும் அதுதான் பெஸ்ட். ட்ரை பண்ணிட்டுதான் சொல்றேன்!

மொத்தம் ஆறு லிட்டர் சொச்சம் தேறுச்சு. பக்கத்து வீட்டுக்கு ஒண்ணு, தபால்காரம்மாவுக்கு ஒண்ணு, ரூம்மேட்டோட அம்மாவுக்கு ரெண்டு. எனக்கு ஒரு கால் லிட்டர் பாட்டில், ஊருக்கு எடுத்துட்டுப் போக. விறகு, பெட்ரோல், நேரம்னு கூட்டிப் பார்த்தா கடையிலேயே வாங்கியிருக்கலாம். யாரும் கூட்டிப் பார்க்கலை.

மார்ச் கடைசியில் நீங்க அந்தப் பக்கம் போனா, 'மேப்பிள் ஓப்பன் ஹவுஸ் வீக்எண்ட்'னு ஒண்ணு நடக்கும். மாநிலம் முழுக்க சிரப் காய்ச்சற கொட்டகைகளின் கதவைத் திறந்து வெச்சு ஊரையே கூப்பிடுவாங்க. கூரையிலிருந்து ஆவி பறக்கிற இடத்தில் வண்டியை நிறுத்தினாப் போதும். ரப்பர் பூட்ஸ் முக்கியம்.

கடைசி நாள் ஸ்பைல்களைப் பிடுங்கினேன். துளையை எதுவும் வெச்சு அடைக்கக் கூடாது, மரமே பார்த்துக்கும். பக்கெட்டை எல்லாம் கழுவிக் கவிழ்த்தேன். ஒரு மாச மழையிலும் பனியிலும் ஸ்டிக்கர்ல எழுதியிருந்த விலை அழிஞ்சு, வெள்ளைப் பேப்பர் மட்டும் ஒட்டிட்டு இருந்தது. பத்து ஸ்பைலையும் கொதிநீரில் போட்டு எடுத்துத் துடைச்சு, ஒரு காபி டப்பாவில் போட்டு தாத்தாகிட்டே நீட்டினேன். அவர் வாங்கலை.

"கொட்டகையில் எங்கேயாவது வை. எங்கே வெச்சேன்னு நீ ஞாபகம் வெச்சுக்கோ. மார்ச்ல எனக்கு மறந்து போயிருக்கும்."